கிரியோல் என்றால் யார், எந்த மொழி?

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இருக்கிற நியூ ஆர்லியன்ஸ் நகரத்துச் சந்தைக்கு ஜூன் மாதம் போனால், தக்காளிக் குவியலின் மேல் "கிரியோல் தக்காளி" என்று அட்டையில் எழுதி வைத்திருப்பார்கள். ஏதோ தனி ரகம் போலிருக்கிறது என்று தோன்றும். தனி ரகமெல்லாம் இல்லை. மிசிசிப்பி ஆற்று வண்டலில், பக்கத்து ஊர்களிலேயே விளைந்து வந்த தக்காளி எதுவானாலும் அதற்கு அந்தப் பெயர்தான். தூரத்து மாநிலத்திலிருந்து லாரியில் வந்து இறங்கியது என்றால் அது வெறும் தக்காளி.

இதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: நாட்டு. நாட்டுக்கோழி, நாட்டு மாடு, நாட்டுத் தக்காளி. இதில் தக்காளியை மட்டும் கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். அதன் பூர்வீகம் தென் அமெரிக்கா. ஐரோப்பியரின் கப்பல்கள் வழியாக இந்தப் பக்கம் வந்தது. பழைய அகராதிகளில் சீமைத்தக்காளி என்ற சொல்லே இருக்கிறது. அப்படி வந்தது இங்கத்து வெயிலுக்கும் தண்ணீருக்கும் பழகி, தலைமுறை தலைமுறையாக விதை எடுத்து விதைத்து, கடைசியில் நாட்டுத் தக்காளி ஆகிவிட்டது. அதை இன்று யாரும் வெளியூர்க்காரன் என்று சொல்வதில்லை.

கிரியோல் என்ற சொல்லைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பெரும்பாலும் நமக்கு இந்தச் சொல்லைக் "கலப்பினம்", "கலப்புமொழி" என்றுதான் அறிமுகம் செய்கிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த நினைப்போடு ஒரு முறை, மூதாதையர் ஊரைத் தேடித் தமிழ்நாட்டுக்கு வந்திருந்த மொரீஷியஸ் தமிழர் ஒருவரிடம், அவர் தன் மகனோடு போனில் பேசி முடித்ததும், "கிரியோலா பேசினீர்கள்? அப்போ நீங்கள் கிரியோலா?" என்று கேட்டேன். அவர் உடனே தலையை ஆட்டி மறுத்தார். "வீட்டில் பேசுவது கிரியோல்தான். ஆனா நாங்கள் கிரியோல் இல்லை, தமிழ்." எனக்குத் தலை சுற்றியது. தாய்மொழி கிரியோல், ஆனால் ஆள் கிரியோல் இல்லை, தமிழ் பேசத் தெரியாது, ஆனால் தமிழர். அது எப்படி என்று தேடப் போனதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொல்லின் பிறப்பு. நமக்குச் சாவி, ஜன்னல், அலமாரி என்ற சொற்களைக் கொடுத்துவிட்டுப் போன அதே போர்ச்சுகீசியர்தான் இதையும் உலகத்துக்குக் கொடுத்தார்கள். அவர்கள் மொழியில் "கிரியார்" என்றால் வளர்ப்பது. பிள்ளையை வளர்ப்பது, ஆட்டை மாட்டை வளர்ப்பது எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வினைதான். அதிலிருந்து வந்தது "கிரியோலு". ஸ்பானியரிடம் போய் "கிரியோல்யோ" ஆனது, பிரெஞ்சுக்காரரிடம் போய் "கிரெயோல்" ஆனது. வேரைப் பாருங்கள், அதில் கலப்பு என்ற பொருளே கிடையாது. இங்கே பிறந்தது, இங்கே வளர்ந்தது, அவ்வளவுதான்.

அந்தச் சொல் யாருக்குத் தேவைப்பட்டது என்பதுதான் முக்கியம். 1500களில் அட்லாண்டிக்கைத் தாண்டி இரண்டு வகையான மக்கள் அமெரிக்கக் கண்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு கூட்டம் தானாகப் போன ஐரோப்பியர், இன்னொரு கூட்டம் விலங்கு பூட்டிக் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்கர். இரண்டு கூட்டத்துக்கும் அங்கே பிள்ளைகள் பிறந்தன. அங்கிருந்து வந்தவர், இங்கே பிறந்தவர் என்று பிரித்துச் சொல்ல ஒரு சொல் வேண்டியிருந்தது. இன்கா இளவரசிக்கும் ஸ்பானியப் படைத்தலைவருக்கும் பிறந்த கார்சிலாசோ தே லா வேகா என்ற எழுத்தாளர் 1609-இல் வெளிவந்த தன் நூலில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். இந்தச் சொல்லை உண்டாக்கியவர்கள் கறுப்பின மக்களே, ஆப்பிரிக்காவில் பிறந்தவர்களிடமிருந்து புது மண்ணில் பிறந்தவர்களைப் பிரித்துச் சொல்ல அவர்கள் வைத்த பெயர் அது, ஸ்பானியர் அதைப் பார்த்துத் தங்கள் பிள்ளைகளுக்கும் வைத்துக்கொண்டார்கள் என்கிறார். ஆக, ஆரம்பத்தில் இந்தச் சொல்லுக்கு நிறமே கிடையாது. வெள்ளைக்காரக் குழந்தையும் கிரியோல், அடிமையின் குழந்தையும் கிரியோல். கோழி, குதிரை, கொக்கோ வரைக்கும் கிரியோல் உண்டு. இன்றைக்கும் தென் அமெரிக்காவில் "கிரியோல்யோ" குதிரை என்றால், ஸ்பானியர் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய குதிரைகளின் வம்சம், அந்தப் புல்வெளியிலேயே பெருகி அந்த நிலத்துக்குப் பழகியது.

சரி, அப்புறம் ஏன் ஊருக்கு ஊர் பொருள் மாறியது? யார் "இங்கே பிறந்தவன்" என்று சொல்லிக்கொள்ள விரும்பினார்களோ, யாரைத் தள்ளிவைக்க விரும்பினார்களோ, அதைப் பொறுத்து மாறியது.

ஸ்பானிய அமெரிக்காவில் அது பெரும்பாலும் வெள்ளையருக்கே உரியதாகிவிட்டது. அப்பா அம்மா இருவரும் ஸ்பானியராகவே இருக்கலாம், ஆனால் பிள்ளை மெக்சிகோவிலோ பெருவிலோ பிறந்துவிட்டால் அவன் கிரியோல்யோ. ஸ்பெயினிலேயே பிறந்து வந்தவனுக்கு ஒரு படி கீழே. பெரிய பதவிகள் பெரும்பாலும் ஸ்பெயினிலிருந்து வந்தவர்களுக்குத்தான். நிலமும் சுரங்கமும் படிப்பும் இருந்தும் அதிகாரம் இல்லாத இந்தக் கிரியோல்யோக்கள்தான் பின்னாளில் விடுதலைப் போர்களை நடத்தினார்கள். 1783-இல் கராகஸ் நகரில் பிறந்த சிமோன் பொலிவார் அவர்களில் ஒருவர். பக்கத்திலேயே பிரேசிலில் கதை நேர்மாறு. அங்கே போர்ச்சுகீசிய மொழியில் கிரியோலு என்றால் பிரேசிலில் பிறந்த கறுப்பர் என்று ஆகி, பிறகு கறுப்பரை இழிவாகச் சொல்லும் சொல்லாகவும் இறங்கிவிட்டது. ஒரே வேர், எல்லைக்கு இந்தப் பக்கம் வெள்ளை, அந்தப் பக்கம் கறுப்பு.

லூசியானாவைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். அங்கே இந்தச் சண்டை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நடந்தது. 1718-இல் பிரெஞ்சுக்காரர் நியூ ஆர்லியன்ஸை உருவாக்கினார்கள், நடுவில் சுமார் நாற்பது வருடம் ஸ்பெயினிடம் இருந்தது, 1803-இல் அமெரிக்கா விலைக்கு வாங்கியது. ஆங்கிலம் பேசும் புது ஆட்கள் வந்து குவிந்ததும், ஏற்கெனவே இருந்தவர்கள் "நாங்கள் கிரியோல், இந்த மண்ணில் பிறந்தவர்கள், அவர்கள் அமெரிக்கர்" என்று சொல்லிக்கொண்டார்கள். பிரெஞ்சு பேசினார்கள், கத்தோலிக்கர். அந்தக் "நாங்கள்" என்பதில் வெள்ளையரும் இருந்தார்கள், ஆப்பிரிக்க வேருள்ளவர்களும் இருந்தார்கள், இரண்டு வேரும் உள்ளவர்களும் இருந்தார்கள். அடிமைமுறை இருந்த காலத்திலேயே அடிமையாக இல்லாத, சொத்தும் தொழிலும் கல்வியும் உள்ள கறுப்பு, கலப்பு வம்சத்தார் அங்கே ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 1845-இலேயே அவர்கள் பிரெஞ்சு மொழியில் ஒரு கவிதைத் தொகுப்பு வெளியிட்டிருக்கிறார்கள். 1809, 1810-ஆம் ஆண்டுகளில் ஹைத்தி பக்கமிருந்து கியூபா வழியாக ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அகதிகள் வந்து சேர்ந்தபோது இந்தச் சமூகம் இன்னும் பெரிதானது.

பிறகு உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்தது. ஒழிந்ததும் நிறக்கோடு இன்னும் கடுமையானது. ஒன்று நீ வெள்ளை, இல்லையென்றால் கறுப்பு, நடுவில் எதுவும் கிடையாது என்று ஆனபோது, வெள்ளைக் கிரியோல்களுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கிரியோல் என்று சொன்னால் நமக்கும் ஆப்பிரிக்க ரத்தம் இருக்கிறது என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். அதனால் கிரியோல் என்றால் கலப்பில்லாத வெள்ளை வம்சம் மட்டுமே என்று அடித்துச் சொல்லத் தொடங்கினார்கள், எழுதவும் செய்தார்கள். இந்தப் பக்கம் கறுப்புக் கிரியோல்கள் அந்தப் பெயரை விடவே இல்லை. 1892-இல் ஹோமர் பிளெஸி என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி, பார்ப்பதற்கு வெள்ளையர் போலவே இருப்பவர், எட்டில் ஒரு பங்கு ஆப்பிரிக்க வம்சம், நியூ ஆர்லியன்ஸில் வெள்ளையருக்கான ரயில் பெட்டியில் வேண்டுமென்றே ஏறி உட்கார்ந்து கைதானார். அவர் கிரியோல். அந்த வழக்கைத் திட்டமிட்டு நடத்திய குழுவிலும் பெரும்பாலோர் கிரியோல்கள். 1896-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லி, தனித்தனிப் பெட்டி செல்லும் என்றது. அந்தத் தீர்ப்பைக் காட்டித்தான் அடுத்த அரை நூற்றாண்டுக்கும் மேலாக அமெரிக்காவில் இனவாரியாகப் பிரித்துவைத்தார்கள். லூசியானா ஆளுநர் பிளெஸிக்கு மன்னிப்பு வழங்கியது 2022-இல், அவர் இறந்து கிட்டத்தட்ட நூறு வருடம் கழித்து.

இன்று லூசியானாவில் கிரியோல் என்றால் பெரும்பாலும் பிரெஞ்சு, ஸ்பானிய, ஆப்பிரிக்க, சில குடும்பங்களில் பூர்வகுடி வேர்களும் சேர்ந்த சமூகம். அங்கேயே கேஜன் என்று இன்னொரு பெயரும் காதில் விழும். அது வேறு கதை. கனடாவின் அகாடியா பகுதியிலிருந்து 1755 முதல் பிரிட்டிஷார் விரட்டிவிட்ட பிரெஞ்சுக் குடியானவர்களில் லூசியானா வந்து சேர்ந்தவர்களின் வம்சம் கேஜன். அகாடியன் என்பதுதான் தேய்ந்து கேஜன் ஆனது. இரண்டு பேரும் வைக்கிற குழம்புக்கு கம்போ என்று பெயர், ஆப்பிரிக்க மொழியில் வெண்டைக்காயைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. தக்காளி சேர்த்தால் கிரியோல், சேர்க்காவிட்டால் கேஜன் என்று அங்கே ஒரு கணக்குச் சொல்வார்கள். எல்லா வீட்டிலும் அது பொருந்தாது, ஆனால் தக்காளி இங்கேயும் வந்து நிற்கிறது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

இப்போது இந்தியப் பெருங்கடலுக்கு வருவோம், அந்த மொரீஷியஸ்காரரின் பதிலுக்கு.

மொரீஷியஸ் தீவில் பூர்வகுடிகள் என்று யாரும் இல்லை. 1721-இல் பிரெஞ்சுக்காரர் குடியேறினார்கள், மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்தார்கள், புதுச்சேரிப் பக்கமிருந்து தமிழ்க் கைவினைஞர்களும் கொத்தனார்களும் அப்போதே போனார்கள். 1810-இல் தீவு பிரிட்டிஷார் கைக்குப் போனது. 1835-இல் அடிமைமுறை முடிந்தது. கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே, அதனால் 1834 முதல் சுமார் 90 வருடங்களில் இந்தியாவிலிருந்து ஏறத்தாழ நாலரை லட்சம் பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். பீகார்ப் பக்கத்தவர் அதிகம், நம்மவர்களும் ஏராளம். இவர்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஒரு மொழி ஏற்கெனவே தயாராக இருந்தது. அடிமைகளும் எஜமானர்களும் சேர்ந்து புழங்கி, அங்கேயே பிறந்த பிள்ளைகள் பேசி வளர்த்த மொழி. சொற்கள் பெரும்பாலும் பிரெஞ்சு, நடையோ தனி. அதுதான் மொரீஷியஸ் கிரியோல். கடைக்குப் போக, தோட்டத்தில் வேலை செய்ய, பக்கத்து வீட்டோடு பேச அதுதான் வழி, எனவே போஜ்புரிக்காரரும் தமிழரும் தெலுங்கரும் சீனரும் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் கிரியோல் பேசுவதாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 90 சதவீதம்.

ஆனால் ஆளைப் பார்த்து "கிரியோல்" என்று சொன்னால் அங்கே பொருள் வேறு. ஆப்பிரிக்க, மடகாஸ்கர் வேருள்ள, பெரும்பாலும் கத்தோலிக்கரான ஒரு சமூகத்துக்குத்தான் அந்தப் பெயர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள். மொழி எல்லோருக்கும் பொது, சமூகப் பெயர் ஒரு பிரிவுக்கு மட்டும். அவர் சொன்னது இதைத்தான். இதில் வருத்தமான ஒன்றும் உண்டு. 1968-இல் சுதந்திரத்தோடு வந்த அரசியலமைப்பில் இந்து, முஸ்லிம், சீனர் என்று மூன்று சமூகங்களுக்குப் பெயர் இருக்கிறது, இந்த மூன்றிலும் சேராதவர்கள் எல்லாம் "பொதுமக்கள்" என்று நாலாவதாகப் போட்டுவிட்டார்கள். வெள்ளைக்காரத் தோட்ட முதலாளியின் வாரிசும், அவர் தாத்தா விலைக்கு வாங்கிய மனிதரின் வாரிசும் அந்த ஒரே பட்டியலுக்குள். தீவு முழுவதும் பேசும் மொழிக்குத் தன் பெயரைக் கொடுத்த சமூகத்துக்கு நாட்டின் ஆவணத்தில் பெயர் இல்லை. எனக்கு இதை முதலில் படித்தபோது மனசு ஒப்பவில்லை, இப்போதும் ஒப்பவில்லை.

பக்கத்திலேயே, சுமார் 200 கிலோமீட்டர் தூரத்தில் ரீயூனியன் தீவு, இன்னும் பிரான்சின் பகுதி. அங்கேயும் தமிழ் வம்சத்தினர் நிறைய, "மல்பார்" என்பார்கள். அங்கே போய் ஒரு மல்பாரிடம் நீங்கள் கிரியோலா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்வதற்கே வாய்ப்பு அதிகம், ஏனென்றால் அங்கே தீவில் பிறந்து வளர்ந்தவர் எந்த வம்சமானாலும் கிரியோல்தான், பிரான்சிலிருந்து வந்து இறங்கியவர் மட்டும் வேறு. அவருக்கு "ஸொரேய்" என்று தனிப் பெயர் இருக்கிறது. பார்த்தீர்களா, பழைய பொருள் அந்தத் தீவில் அப்படியே உயிரோடு இருக்கிறது. இன்னும் கிட்டே வந்தால் புதுச்சேரி. அங்கே பிரெஞ்சுக்காரருக்கும் இந்தியருக்கும் பிறந்த வம்சத்தினரைக் கிரியோல் என்று சொல்வது வழக்கம், ஆக நம் வீட்டு வாசலில் மட்டும் கலப்பு என்ற பொருள் முன்னால் வந்து நிற்கிறது. ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் விடுதலை பெற்ற அடிமைகள் வந்து குடியேறிய ஃப்ரீடவுனில் உருவான மக்களுக்கும் மொழிக்கும் கிரியோ என்று பெயர். மக்கள் சிறு தொகையினர், மொழியோ நாடு முழுக்கப் புழங்குகிறது. மொரீஷியஸ் கதைதான் வேறு கண்டத்தில்.

வம்சம் பற்றிச் சொல்லியாயிற்று. இனி மொழி.

மனிதருக்கு வைத்த பெயர் அவர்கள் பேசிய மொழிக்கும் ஒட்டிக்கொண்டது. கிரியோல்கள் பேசுவது கிரியோல். பிறகு மொழியியலாளர்கள் அதை ஒரு வகைப் பெயராக எடுத்துக்கொண்டார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹ்யூகோ ஷூகார்ட் என்ற ஜெர்மன்காரர் உலகம் முழுவதும் கடிதம் எழுதிக் கேட்டு இந்த மொழிகளைச் சேகரித்தார், அதுவரை பெரிய பண்டிதர்கள் பெரும்பாலோர் இவற்றை மொழி என்றே மதிக்கவில்லை. பாடப்புத்தக விளக்கம் இப்படிப் போகும்: வெவ்வேறு மொழிக்காரர்கள் துறைமுகத்திலோ தோட்டத்திலோ ஒன்றாக மாட்டிக்கொள்கிறார்கள், பேசியாக வேண்டும், கொஞ்சம் சொற்களை வைத்து ஒப்பேற்றுகிறார்கள். அந்த ஒப்பேற்றுப் பேச்சுக்குப் பெயர் பிட்ஜின். அது யாருக்கும் தாய்மொழி கிடையாது, வேலை முடிந்ததும் அவரவர் தன் மொழிக்குத் திரும்பிவிடுவார். ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டே ஒரு குழந்தை வளர்ந்தால், அதற்கு அதுதான் மொழி. கோபம், கொஞ்சல், கனவு, பொய் எல்லாவற்றையும் அதில்தான் சொல்லியாக வேண்டும். அப்போது அது முழு மொழியாக வளர்ந்துவிடும். அதுதான் கிரியோல். இங்கேயும் வளர்ப்புதான் பொருளை முடிவு செய்கிறது, கவனியுங்கள்.

இந்த விளக்கம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்று சொல்பவர்களும் உண்டு. பல தீவுகளில் முதலில் பிட்ஜின் இருந்ததற்கே தடயம் இல்லை, பிரெஞ்சை அரைகுறையாகக் கற்றவரிடமிருந்து இன்னொருவர் கற்று, அவரிடமிருந்து அடுத்தவர் கற்று, இப்படி விலகி விலகிப் புது மொழி ஆனது, லத்தீனிலிருந்து பிரெஞ்சு வந்ததும் இப்படித்தானே என்பது அவர்கள் கேள்வி. எனக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். கிரியோல் என்று ஒரு தனிப் பெட்டி போட்டு அதற்குள் சில மொழிகளை அடைப்பதில், பேசியவர்களின் நிறத்துக்கும் பங்கு இருக்கிறது என்றுதான் எனக்கும் படுகிறது.

பிட்ஜினுக்கு நம்மூரிலேயே உதாரணம் இருக்கிறது. பிரிட்டிஷ் காலத்துச் சென்னையில் துரை வீட்டு வேலைக்காரர்கள் பேசியதை பட்லர் இங்கிலீஷ் என்பார்கள், ஷூகார்ட் 1891-இல் அதைப் பற்றியும் எழுதியிருக்கிறார். "ஐ டெல்லிங்" என்றால் சொல்வேன். "ஐ டன் டெல்" என்றால் சொல்லிவிட்டேன். நம் "விட்டேன்" செய்கிற வேலையை அங்கே "டன்" செய்வதைப் பாருங்கள். ஆனால் அது கிரியோல் ஆகவில்லை. ஏன்? பட்லர் சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையிடம் தமிழில் பேசினார். பிள்ளைக்குத் தமிழ் இருந்தது. மொரீஷியஸ் தோட்டத்து அடிமைக்கு அந்த வீடு இல்லை. பக்கத்தில் படுத்திருந்தவர் வேறு மொழிக்காரர், குடும்பம் கடலுக்கு அந்தப் பக்கம். பிள்ளைக்குக் கொடுக்க அந்தப் புதுப் பேச்சுதான் இருந்தது. இன்று நாம் பேசும் தங்கிலீஷையும் சிலர் கிரியோல் என்கிறார்கள், அதுவும் சரியில்லை. "மீட்டிங்கை போஸ்ட்போன் பண்ணிட்டாங்க" என்ற வாக்கியத்தில் எத்தனை ஆங்கிலச் சொல் இருந்தாலும் வேற்றுமை உருபு தமிழ், வினைமுற்று தமிழ், வரிசை தமிழ். அது ஆங்கிலம் பூசிய தமிழ், புது மொழி கிடையாது.

சரி, கிரியோலின் இலக்கணம் எப்படி இருக்கும்? மொரீஷியஸ் கிரியோலில் ஒரே ஒரு வினையை எடுத்துப் பார்க்கலாம். "மான்ஸே" என்றால் சாப்பிடுவது, பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. "மொ" என்றால் நான். "மொ தி மான்ஸே", சாப்பிட்டேன். "மொ பே மான்ஸே", சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். "மொ பூ மான்ஸே", சாப்பிடுவேன். "மொ ஃபின் மான்ஸே", சாப்பிட்டுவிட்டேன். பிரெஞ்சில் நான், நீ, அவன், நாம் என்று ஆளுக்கு ஆள் வினை மாறும், தமிழிலும் மாறும். இங்கே வினை அசையாமல் நிற்கிறது, காலத்தை முன்னால் நிற்கிற ஒரு சின்னச் சொல் சுமக்கிறது. "லி" என்ற ஒரே சொல் அவன், அவள், அது மூன்றுக்கும்.

இதைப் பார்த்துவிட்டுத்தான் "இலக்கணமே இல்லாத உடைந்த பிரெஞ்சு" என்று பலர் சொன்னார்கள். ஆனால் கொஞ்சம் பொறுங்கள். சோறு சாப்பிடுகிறேன் என்று சொல்ல வேண்டுமானால் "மொ பே மான்ஸ் திரி". திரி என்றால் சோறு. "மான்ஸே" எங்கே போயிற்று? பின்னால் செயப்படுபொருள் வந்தவுடன் வினை தன் கடைசி உயிரை விட்டுவிட்டு "மான்ஸ்" ஆகிவிட்டது. பின்னால் எதுவும் வராவிட்டால் மறுபடி "மான்ஸே". இந்த விதியை அங்கே எந்தத் தாயும் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதில்லை, ஆனால் சின்னக் குழந்தைகூடத் தவறுவதில்லை. பிரெஞ்சில் இந்த விதி கிடையவே கிடையாது. இல்லாத ஒன்றை உடைத்து எடுக்க முடியுமா? அந்தத் தீவு தானாக உண்டாக்கியது அது. சொற்களும் அப்படித்தான். தண்ணீருக்குத் "திலோ", வீட்டுக்கு "லக்காஸ்". பிரெஞ்சில் பெயருக்கு முன்னால் நிற்கும் துணைச்சொல்லும் பெயரும் ஒட்டி ஒரே சொல்லாகிவிட்டன. பிரெஞ்சுக்காரருக்கு அங்கே இரண்டு சொல் கேட்கும், மொரீஷியஸ் பிள்ளைக்கு ஒரே சொல்தான்.

நம்மவர்கள் விட்டுவைத்ததும் அதற்குள் இருக்கிறது. அங்கத்துச் சந்தையில் "கொத்தோமிலி" என்று கேட்டால் கொத்தமல்லி கிடைக்கும். "ப்ரெத் முரூம்" என்றால் முருங்கைக்கீரை, "முரூம்" நம் முருங்கை, "ப்ரெத்" என்றால் கீரை, அது போர்ச்சுகீசியரிடமிருந்து வந்த சொல். கறிவேப்பிலை அங்கே "கரிபுலே". பீர்க்கங்காய் "பிபங்காய்" ஆகியிருக்கிறது. சீனரோ ஆப்பிரிக்க வம்சத்தாரோ யார் வீட்டிலும் இந்தச் சொற்கள்தான். அந்த மொரீஷியஸ் விருந்தாளி இந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நான் தமிழில் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவருக்கு அதுவரை அவை எல்லாம் கிரியோல் சொற்கள். கிரியோல் சொற்கள்தான், அதிலும் தவறில்லை.

இலங்கையில் நடந்தது இன்னும் ஆச்சரியம். போர்ச்சுகீசியர் 1505-இல் வந்தார்கள், 1658-க்குள் ஒல்லாந்தர் அவர்களை முழுவதுமாக விரட்டிவிட்டார்கள். ஆனால் அவர்கள் மொழியிலிருந்து பிறந்த கிரியோல் போகவில்லை. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும், ஐரோப்பிய வேருள்ள பறங்கியர் சமூகத்தில் இன்றும் அதைப் பேசுபவர்கள் இருக்கிறார்கள். சுற்றிலும் தமிழ். முன்னூறு வருடத்துக்கு மேல் தமிழர்களோடு வாழ்ந்ததில் அந்த மொழியின் எலும்பே தமிழைப் போல மாறிவிட்டது. போர்ச்சுகீசிய மொழியில் வினை நடுவில் வரும், இதில் வாக்கியத்தின் கடைசிக்கு வந்துவிட்டது. போர்ச்சுகீசியத்தில் பெயருக்கு முன்னால் நிற்கும் சொல் இங்கே தேய்ந்து, பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, நம் "கு" உருபு செய்யும் வேலையைச் செய்கிறது. "எனக்குப் பசிக்கிறது" என்று நாம் சொல்கிற மாதிரியே, பசிப்பவரை "கு" போட்டுச் சொல்கிறார்கள். சொல் எல்லாம் போர்ச்சுகீசியம், வாக்கியம் கட்டுகிற முறை தமிழ். தங்கிலீஷிலும் இதுதானே என்று கேட்கலாம். தங்கிலீஷ் பேசுகிறவர் கையில் தமிழ் முழுதாக இருக்கிறது, அவர் அதில் ஆங்கிலத்தைச் செருகுகிறார். பறங்கியர் கையில் இருந்தது போர்ச்சுகீசிய வேருள்ள தனி மொழி, தமிழ் பேசும் ஊரில் அவர்கள் பிள்ளைகள் அதைத் தாய்மொழியாகவே தலைமுறை தலைமுறையாக வளர்த்ததில் அது இந்த உருவத்துக்கு வந்தது. இப்போது பேசுபவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், வீட்டுப் பிள்ளைகள் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் போய்விட்டார்கள். கொச்சிப் பக்கத்தில் வைப்பின் தீவில் இருந்த போர்ச்சுகீசியக் கிரியோல், அதைப் பேசத் தெரிந்த கடைசி மனிதர் 2010-இல் இறந்ததோடு முடிந்தது. மகாராஷ்டிரத்தில் கொர்லை என்ற கடற்கரை ஊர் மட்டும் இன்னும் விடாமல் பேசுகிறது, போர்ச்சுகீசியர் அந்தப் பகுதியை 1740-இல் விட்டுப் போனபிறகும்.

கிரியோல்களில் அதிகம் பேர் பேசுவது ஹைத்தியின் மொழி, ஒரு கோடிக்கும் மேல். 1804-இல் அடிமைகளே போராடி உருவாக்கிய நாடு அது. அங்கே ஏறக்குறைய எல்லோரும் பேசுவது கிரியோல், பிரெஞ்சு நன்றாகத் தெரிந்தவர்கள் சிறு பகுதியினர். இருந்தும் அந்த மொழி அரசாங்க மொழி ஆனது 1987-இல்தான், சுதந்திரம் வாங்கி 183 வருடம் கழித்து. அதற்குப் பிறகும் பள்ளிக்கூடங்களில் பிரெஞ்சின் கைதான் ஓங்கி இருக்கிறது. வீட்டில் கேட்டே இராத மொழியில் கணக்குப் படிக்கும் குழந்தை, புரியாமல் மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறது. செஷல்ஸ் தீவுகள் இதில் முந்திக்கொண்டன, 1980களின் தொடக்கத்திலேயே கிரியோலில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மொரீஷியஸில் 2012-இல்தான் தொடக்கப் பள்ளியில் கிரியோலை விருப்பப் பாடமாக வைத்தார்கள். அதற்கு முன்பே தமிழ், இந்தி, உருது, தெலுங்கு, மராத்தி, சீனம் எல்லாம் மூதாதையர் மொழி என்று பாடத்திட்டத்தில் இருந்தன. வீட்டில் யாரும் பேசாத மொழிக்கு வகுப்பு இருந்தது, எல்லோரும் பேசுகிற மொழிக்கு இல்லை. அந்த விருந்தாளியின் பேத்தி பள்ளியில் தமிழ் எடுத்துப் படிக்கிறாள். ஊருக்குத் திரும்பும் முன் அவள் எழுதிய நோட்டுப் பக்கத்தைப் போனில் காட்டினார். தமிழில் குண்டு குண்டான எழுத்தில் "முருங்கை" என்று எழுதி, பக்கத்தில் படம் வரைந்து, கீழே பிரெஞ்சு எழுத்தில் "முரூம்" என்று எழுதியிருந்தாள்.